இருபது பாகைத் தண்ணீருக்கு எங்கே போவது?

கேள்வி (களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி):
"அண்ணன், மச்சான் லண்டனில் இருந்து வரும்போது பழைய கமரா ஒன்றும் ஐந்து ரோல் கறுப்பு வெள்ளை பிலிமும் கொண்டுவந்தார். இங்கே கழுவிக் கொடுக்க ஆள் இல்லை, வீட்டிலேயே கழுவலாம் என்று பார்க்கிறேன். எதை வாசித்தாலும் 20 பாகை, 20 பாகை என்றே இருக்கிறது. நேற்று மத்தியானம் எங்கள் குழாய்த் தண்ணீர் 32 காட்டியது. ஐஸ் போட்டுச் செய்தால் சரிவருமா, இல்லை இது நம்மட ஊரில் நடக்காத வேலையா?"

2024 யூன் 8, இரவு

நடக்கும் தம்பி. நான் மட்டக்களப்பு, கல்லடியில் குசினியும் குளியலறையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வருடமாகக் கழுவுகிறேன்.

20 பாகை என்பது குளிர்நாட்டு வீடுகளின் அறை வெப்பத்துக்குக் கிட்ட உள்ள ஓர் எண். எல்லோரும் ஒரே கணக்கில் பேசுவதற்காக அதை வைத்துக்கொண்டார்கள். டெவலப்பர், அதாவது பிலிமில் படத்தை வெளியே கொண்டுவரும் கரைசல், சூடானால் வேகமாக வேலை செய்யும், அவ்வளவுதான். ஒரு பாகை ஏறினால் நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். எச்பி5 பிளஸ் என்ற பிலிமை ஐடி-11 என்ற டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 பாகையில் 13 நிமிடம், 24 பாகையில் 9 நிமிடம்.

ஐஸ் போடலாம். டெவலப்பருக்குள் நேரே போடாதீர்கள், கரைசல் நீர்த்துப் போகும். ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டி, போத்தல் நிற்கும் வாளித் தண்ணீரில் போடுங்கள். 24க்கு இறக்கினால் போதும்.

2024 யூன் 9, காலை

நேற்று எழுதியதை இரவு படுத்துக்கிடந்து யோசித்தேன். பாதிதான் சரி. ஐஸ் பற்றிச் சொன்னதை எடுத்துவிடுங்கள்.

என் இரண்டாவது ரோல் ஞாபகம் வந்தது. காலாவதியான பழைய பிலிம் அது. ஐஸ் வைத்து டெவலப்பரை 20க்கு இறக்கிவிட்டேன், பெரிய வெற்றி என்று நினைத்தேன். பிறகு கூரைத் தாங்கியில் இருந்து வந்த தண்ணீரை அப்படியே ஊற்றிக் கழுவினேன். வெயிலில் கிடந்த தாங்கி, 33 பாகையாவது இருந்திருக்கும். காய்ந்ததும் நெகட்டிவைப் பார்த்தால், சிறுபோகம் முடிந்த வயல் வெடித்துக் கிடப்பதுபோல் படம் முழுக்க நுண்ணிய வெடிப்பு. பிலிமின் மேல் இருக்கிற ஜெலட்டின் குளிரில் சுருங்கி, சூட்டில் திடீரென்று ஊதியதால் வந்த வினை. இன்றைய பிலிம்கள் இதை நன்றாகத் தாங்கும். பழையவை தாங்காது.

ஆகவே முக்கியம் எத்தனை பாகை என்பது இல்லை. டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் தண்ணீர், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாம் ஒரே பாகையில் இருக்க வேண்டும், ஓரிரு பாகைக்கு மேல் வித்தியாசம் கூடாது. அதற்கு லேசான வழி, ஊர் தருகிற வெப்பத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. முதல்நாள் இரவே வாளியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, போத்தல்களையும் அதற்குள் நிறுத்திவிடுகிறேன். விடிய ஐந்து மணிக்கு எல்லாம் 27, 28 பாகையில் ஒன்றாக நிற்கும். வேலையை அப்போது தொடங்கினால் ஐஸுக்கு அலையத் தேவையில்லை.

28 பாகையில் ஒன்றுக்கு ஒன்று கலந்தால் நேரம் 6 நிமிடத்துக்கு வந்துவிடும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாகக் கழுவப்படும், 6 அதற்கு மிகக் கிட்ட. அதனால் ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கலக்கிறேன். 20 பாகையில் 20 நிமிடம் என்று இருப்பது 28இல் ஒன்பதரை நிமிடமாகும். நிதானமாகச் செய்யலாம்.

2024 யூன் 9, மத்தியானம்

தண்ணீரை மண்பானையில் வைத்துக் குளிரவைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற இந்த மாதங்களில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரம், அப்போது பானை குளிராது. போத்தலைச் சுற்றி ஈரத்துணி கட்டுவதும் அதே கதைதான்.

2024 யூன் 16

தம்பி சிவப்புப் பல்ப் வாங்கிவிட்டாராம். பிலிமுக்கு அதைப் போடவே கூடாது!

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் பெரியப்பா டவுணில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தவர். சின்ன வயதில் அங்கே போனால் இருட்டறையில் சிவப்பு வெளிச்சம் இருக்கும், அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழும்பி வரும். அது தாளில் படம் போடும் வேலை. கறுப்பு வெள்ளைத் தாளுக்குச் சிவப்பு தெரியாது. நாங்கள் கமராவில் போடுகிற பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும், சிவப்பும் தெரியும். அதை ரீலில் சுற்றி வெளிச்சம் புகாத டாங்குக்குள் போட்டு மூடும்வரை முழு இருட்டு வேண்டும். மூடிய பிறகு லைட்டைப் போட்டுவிட்டு வெளிச்சத்திலேயே மிச்ச வேலையைச் செய்யலாம்.

முழு இருட்டு என்றால், ஐந்து நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருந்தும் முகத்துக்கு முன்னால் நீட்டிய கை தெரியக்கூடாது. எனக்கு அமாவாசைக்குக் கிட்டிய இரவுகளில் குளியலறை சரியாக இருக்கும். கதவின் கீழ் இடுக்கில் சாரத்தை மடித்து அடைப்பேன். 2022இல் நீண்ட மின்வெட்டு இருந்த நாட்களில் தெருவிளக்கும் இல்லை, பக்கத்து வீட்டு வெளிச்சமும் இல்லை. என் வாழ்க்கையில் அதிகம் பிலிம் கழுவியது அந்த நாட்களில்தான்.

2024 யூன் 18

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) எழுதியது எல்லோருக்கும் உதவும். கையை உள்ளே விட்டு வேலை செய்யும் கறுப்புப் பைக்குள் வைத்துப் பிலிமை ரீலில் சுற்றினாராம், பிலிம் பாதியில் இறுகி நகரவில்லையாம். அரை மணித்தியாலம் போராடி, கடைசியில் மடிப்பு விழுந்துவிட்டதாம்.

காக்கா, அது உங்கள் கையின் பிழை இல்லை. கை வியர்த்து அந்தப் பைக்குள் ஒரு மாரிகாலமே உருவாகிவிடும். பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் பிலிம் ஒட்டிக்கொள்ளும். ரீலை முதல்நாள் வெயிலில் வைத்து எடுங்கள். பிலிமின் முன்முனையில் இரண்டு மூலையையும் கத்தரியால் லேசாக வட்டமாக வெட்டுங்கள். பையை விட்டுவிட்டு இரவில் அறையில் செய்யுங்கள். வீணாய்ப்போன ஒரு ரோலை வைத்து முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடி, பிறகு இருட்டில் பழகுங்கள். நான் இருபது தடவையாவது பழகியிருப்பேன்.

இடையில் இறுகினால் இழுக்க வேண்டாம். பிலிமை ரீலோடு டாங்குக்குள் வைத்து மூடிவிட்டு வெளியே வந்து ஒரு பிளேன்ரீ குடியுங்கள். கை காய்ந்த பிறகு திரும்பப் போங்கள்.

2024 யூலை 14

கோப்பியில் கழுவுவது உண்மையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உண்மைதான். 1995இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பில் செய்துபார்த்தது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி தூள் 16 கிராம், உடனடிக் கோப்பித் தூள் 40 கிராம். 20 பாகையில் 15 நிமிடம். மலிவான, கசப்பான கோப்பிதான் நல்லது.

சலவைச் சோடா எனக்கு இங்கே கிடைக்கவில்லை. அப்பச்சோடாவில் இருந்து செய்தேன். பழைய தாச்சியில் 86 கிராம் அப்பச்சோடாவைப் போட்டு நன்றாகச் சூடாக்கிக் கிண்டிக்கொண்டே இருந்தால், நீராவியும் காபனீரொட்சைட்டும் போய் நிறை 54 கிராமுக்கு இறங்கும். இறங்காமல் நின்றால் இன்னும் வறுக்க வேண்டும். தராசு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். விற்றமின் சியை பாமசியில் தூளாகக் கேளுங்கள், குளிசையில் வேறு பல சாமான் கலந்திருக்கும்.

மணம் பயங்கரம். அம்மா வாசலில் நின்று "என்ன மனே, குசினியா இது, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவெடுத்தேன்: சமையல் பாத்திரம் ஒன்றையும் இதற்குத் தொடுவதில்லை. எனக்கென்று தனி யக், தனிக் கரண்டி, தனிப் புனல், எல்லாவற்றிலும் சிவப்பு ரேப் ஒட்டியிருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

நெகட்டிவ் நன்றாகவே வந்தது, மெல்லிய பழுப்புச் சாயலோடு. ஆனால் நான் ஐடி-11க்கே திரும்பிவிட்டேன். கோப்பி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. பிழைத்தால் பிழை பிலிமிலா, வெளிச்சத்திலா, கோப்பியிலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

2024 ஓகஸ்ட் 7

யூன் 9இல் எழுதியதில் ஒரு பிழை. எனக்கு ஒரு நல்ல ரோலைத் தின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. மாமாங்கக் கோயிலுக்கு விடியப் போய்விட்டேன். தீர்த்தக்குளத்தில் சனம், நனைந்த வெள்ளை வேட்டிகள், தண்ணீரில் வெயில் பட்டுத் தெறிக்கிறது. ஒரு வயதானவர் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு, படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். 36 படமும் அன்றைக்கே முடிந்தது.

ஒன்றுக்கு மூன்று கலந்து கழுவினேன். நெகட்டிவில் வெளிச்சம்தான் கறுப்பாகும்; வேட்டிகளும் தண்ணீரும் நல்ல கறுப்பாக வந்திருக்க வேண்டிய இடம், சாம்பலாகச் சோர்ந்து கிடந்தது. நேரம் சரி, பாகை சரி. பிறகுதான் கணக்குப் பார்த்தேன். சின்ன டாங்குக்கு 300 மில்லிலீற்றர், அதில் டெவலப்பர் வெறும் 75. வெளிச்சமான இடம் நிறைய உள்ள படங்கள் டெவலப்பரை நிறையக் குடிக்கும். 75 போதாமல் போய்விட்டது. இதற்கு முன்னால் தென்னந்தோப்பும் வீட்டுக்குள்ளும் எடுத்த ரோல்களில் இது தெரியவில்லை, ஏனென்றால் அவற்றில் வெளிச்சமே குறைவு.

ஆகவே இரண்டு ரீல் டாங்கை எடுங்கள், ஒரு ரோலை மட்டும் போடுங்கள், மேலே வெறும் ரீல். 600 மில்லிலீற்றர் ஊற்றினால் டெவலப்பர் 150 இருக்கும். பாதிக்கும் மேற்பட்டோர் என் கணக்கைப் பார்த்துச் செய்திருப்பீர்கள் என்று நினைக்க மனம் கனக்கிறது. மன்னியுங்கள்.

அந்தப் பெரியவரின் படம் மட்டும் நிழலில் எடுத்தது, தப்பிவிட்டது.

2024 ஓகஸ்ட் 8

இன்னும் ஒன்று, வெப்பநாட்டுக்கு என்று டெவலப்பரில் சோடியம் சல்பேற்று போடும் முறை இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. ஜெலட்டின் ஊதிப்போகாமல் பிடிக்க, லீற்றருக்கு 50 முதல் 100 கிராம் வரை போடச்சொல்லிக் கொடக்கின் பழைய குறிப்புகளில் வரும். இன்றைய பிலிம் கடினமாக்கப்பட்டது, 28, 29 பாகைக்கு எனக்கு அது தேவைப்படவில்லை. நகம் மட்டும் பட வேண்டாம், சூட்டுத் தண்ணீரில் ஊறிய பிலிம் கீறலை உடனே வாங்கும்.

2024 செப்டெம்பர் 22

மூன்று மாதமாக டெவலப்பரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு மனதுக்குள் கிடந்தது வேறு. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அம்மா அப்பாவின் கலியாணம் 1971. 1978 நவம்பர் 23 சூறாவளியில் வீட்டுக் கூரை போய்விட்டது, அல்பம் மூன்று நாள் மழையில் கிடந்து கூழாகிவிட்டது. நெகட்டிவ்கள் மட்டும் ஒரு பிஸ்கட் தகரத்தில், பெரியப்பா வீட்டில் இருந்ததால் தப்பின. இரண்டு உறை. ஒன்றில் வீட்டுச் சடங்கு, பெரியப்பாவே எடுத்துக் கழுவியது. மற்றதில் கோயிலில் தாலி கட்டியது, வேறோர் இடத்தில் அவசரமாகக் கழுவிக் கொடுத்தது.

போன வருடம் இரண்டையும் திறந்தேன். பெரியப்பாவின் உறை நேற்றுக் கழுவியதுபோல் தெளிவு. அம்மாவின் மூக்குத்தி தெரிகிறது, பின்னால் நிற்கிற ஆச்சியின் கொசுவம் எண்ணலாம். மற்ற உறையில் மஞ்சளும் பழுப்புமாய்ப் படர்ந்து, தாலி கட்டுகிற கை இருக்கிறது, முகங்கள் இல்லை. ஒரே நாள், ஒரே பிலிம், ஒரே தகரம்.

வித்தியாசம் ஃபிக்ஸரும் கழுவிய தண்ணீரும்தான். டெவலப்பர் வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பைப் படமாக்குகிறது. மிச்ச உப்பைக் கரைத்து எடுப்பது ஃபிக்ஸர், அதாவது ஹைப்போ. அதைப் பாதியில் நிறுத்தினாலோ, ஹைப்போவைப் பிலிமிலேயே விட்டுவிட்டாலோ அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து வருடம் கழித்து, முப்பது வருடம் கழித்துத் தெரியும். டெவலப்பரில் விட்ட பிழை அன்றைக்கே தெரியும், இது தெரிகிறபோது திருத்த ஆள் இருக்கமாட்டார்.

நான் செய்வது இது. புதிய ஹைப்போ 250 கிராம், ஒரு லீற்றர். கரைக்கும்போது தண்ணீர் சில்லென்று குளிர்ந்துபோகும், ஆகவே முதல்நாளே கரைத்து வாளிக்குள் நிறுத்துங்கள். பிலிமின் வெட்டிய முனையை முதலில் அதில் போட்டு, பால்நிறம் போய்த் தெளிகிற நேரத்தைப் பாருங்கள். அதன் இரு மடங்கு நேரம் ரோலுக்கு. தெளிகிற நேரம் புதியதில் எடுத்ததைவிட இரட்டிப்பானால் அந்த ஹைப்போ முடிந்தது. எத்தனை ரோல் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், முனையைக் கேளுங்கள்.

ஹைப்போ கிடைக்காதவர்கள் வண்ணமீன் கடையில் குளோரீன் போக்கும் பளிங்குக் கற்களைக் கேளுங்கள். சோடியம் தயோசல்பேற்று என்று எழுதியிருந்தால் அதே சாமான்தான்.

கழுவுவதற்கு ஓடும் தண்ணீர் வேண்டாம். டாங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்து ஊற்றுங்கள், மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி 20 தடவை. இல்ஃபோர்ட் சொல்லும் முறை இது. நான் அதற்குமேல் இரண்டு தண்ணீர் மாற்றி ஐந்தைந்து நிமிடம் ஊறவிடுகிறேன். தேவையா என்று கேட்டால், அந்த இரண்டாவது உறையை நினைத்துச் செய்கிறேன்.

2024 செப்டெம்பர் 23

அக்கரைப்பற்றுக் காக்காவின் ஹைப்போ பாலாகிக் கந்தகம் மணந்ததாம். நிறுத்துவதற்கு வினாகிரித் தண்ணீர் ஊற்றி, அதை நன்றாக வடிக்காமல் ஹைப்போவை ஊற்றியிருக்கிறீர்கள். வெறும் ஹைப்போ அமிலத்தில் உடைந்து கந்தகமாகும். எங்களுக்கு வினாகிரி தேவையில்லை, வெறும் தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் போதும்.

2024 டிசம்பர் 8

நவம்பர் கடைசி வெள்ளத்தில் ஒரு கிழமை கிணற்றைத் தொட முடியவில்லை. தகரக் கூரையில் முதல் மழை கழுவி ஓடிய பிறகு வந்த தண்ணீரை வாளிகளில் பிடித்தேன். கல்லடிக் கிணற்றில் உவர் இருக்கிறது, காய்ந்தால் பிலிமில் வெள்ளைப் பொட்டு விழும். மழைத் தண்ணீரில் ஒரு பொட்டும் இல்லை! இனிமேல் கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர்தான், கோடையில் பற்றரிக்கு ஊற்றுகிற வடிநீர். (அமிலம் இல்லை, வடிநீர். போத்தலை வாசித்து வாங்குங்கள்.)

காயவிடுவது கோடைக்கு நேர்மாறு. கச்சானில் அரை மணித்தியாலத்தில் காயும், தூசும் ஒட்டும். மாரிக்கால வாடையில் ஒரு தூசும் இல்லை, இரவு முழுக்கத் தொங்கவேண்டும். லென்ஸில் பூஞ்சணம் வருகிற காலமும் இதுதான். கமராவைத் தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள், சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

2024 டிசம்பர் 9

பாவித்த ஹைப்போவை எங்கே ஊற்றுவது என்று தம்பி கேட்டார். இந்தக் கேள்விக்காகவே அவரைப் பிடிக்கிறது. அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. வாவிக்கோ கிணற்றடிக்கோ போகக்கூடாது. போத்தலில் சேர்த்து, இரும்புச் சட்டி தேய்க்கிற கம்பிப்பஞ்சைப் போட்டுச் சில நாள் வையுங்கள். இரும்பு கரைந்து வெள்ளி சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றை நான் காயவைத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

2025 ஜனவரி 19

தம்பி முதல் ரோலைக் கழுவிவிட்டார்! காய்ந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்து அனுப்பியிருக்கிறார். களுவாஞ்சிகுடிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிற ஆட்கள். "எல்லாம் மெலிந்துபோய் வந்திருக்கு அண்ணன், கழுவினது பிழைச்சிட்டுதா?" என்று கேட்கிறார்.

பிழைக்கவில்லை தம்பி. பிலிமின் ஓரத்தைப் பாருங்கள், படத்தின் இலக்கமும் பிலிமின் பெயரும் நல்ல கறுப்பாக இருக்கின்றன. அது தொழிற்சாலையிலேயே வெளிச்சம் கொடுத்து அச்சிட்டது, உங்கள் கமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது கறுப்பாக வந்தால் கழுவியது சரி. படம் மட்டும் கறுப்பு ஏறாமல் மெலிந்திருந்தால் கமராவுக்குள் வெளிச்சம் போதவில்லை. வெளிச்சத்தை அளக்கும் உங்கள் மீற்றர் கடலையும் வெள்ளை மணலையும் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிட்டது. வலை இழுக்கிறவர்களின் முகம் அதனால்தான் நெகட்டிவில் வெறுமையாகக் கிடக்கிறது.

அடுத்த ரோலில், உங்கள் உள்ளங்கையை அவர்கள் நிற்கிற அதே வெயிலில், கமராவுக்கு முன்னால் பிடித்து அளந்துவிட்டு, அதைவிட ஒரு ஸ்டொப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு வெளிச்சம் விழும்படி திறந்து எடுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

பதினேழாவது படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். வலையின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்கிற பையன். அவன் கண் தெரிகிறது. அதை நன்றாகக் கழுவினீர்களா? சந்தேகம் இருந்தால் இன்னொரு தடவை ஹைப்போவில் போட்டு, ஐந்து தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். காய்ந்த பிறகும் செய்யலாம்.